பழைய டிவிடி பிளேயருக்கு நல்ல குரல் வாங்கித் தருவது எப்படி?

பரணில் எதையோ தேடப்போய் ஒரு பழைய டிவிடி பிளேயர் கையில் இடறாத வீடு குறைவு. பாலித்தீன் பையில் சுற்றி, ரிமோட்டில் பேட்டரி கசிந்து பச்சை பூத்து, ஓரத்தில் பல்லி முட்டையோடு கிடக்கும். பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டால் ரெண்டு டீக்குத் தேறும். இதை வைத்துக்கொண்டு லட்சத்தில் செலவழித்தவர் வீட்டில் கேட்கிற மாதிரி பாட்டுக் கேட்க முடியுமா என்றால், பெருமளவு முடியும். ஆனால் எங்கே காசைப் போடுவது, எங்கே போடாமல் இருப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியவன்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சிடியில் பாட்டு இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. மைக்கில் எழும் மின்னழுத்தத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் (16 பிட் கணக்கு) எந்தப் படியில் விழுகிறது என்று எழுதி வைத்த கணக்கு நோட்டு அது. இடது காதுக்கு ஒரு கணக்கு, வலது காதுக்கு ஒரு கணக்கு. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த இந்த ஏற்பாடு 1982 அக்டோபரில், சிடிபி-101 என்ற பிளேயரோடு ஜப்பானில் கடைக்கு வந்தது. அன்றைய கணக்குமுறைதான் இன்றைக்கும்.

மனிதக் காது எட்டும் உச்சம் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். ஒரு அலையைப் பிசகில்லாமல் திரும்ப வரைய, அதைப்போல் இருமடங்குக்குச் சற்று அதிகமான தடவை அளந்திருக்க வேண்டும். ஆகவே 40,000-க்குக் கொஞ்சம் மேலே. சரியாக 44,100-இல் வந்து நின்றதற்குக் காரணம், அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்து வைத்தார்கள். வீடியோ படத்தின் கோடுகளுக்குள் ஒழுங்காக அடங்கிய எண் அது.

பிளேயர் செய்வது மூன்று வேலை. எண்களைப் படிக்கிறது. படித்த எண்களை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தை வடிகட்டி, ஆம்ப்ளிஃபயருக்குப் போதுமான தெம்பு ஏற்றி, பின்பக்கத்துச் சிவப்பு வெள்ளை ஜாக்குக்கு அனுப்புகிறது. "இந்த பிளேயர் மட்டமாகப் பாடுகிறது" என்று யாராவது சொன்னால், மூன்றில் எது மட்டம் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

படிக்கிற வேலை

சிடியின் தடம் உள்வட்டத்தில் தொடங்கி வெளியே சுருளாக ஓடுகிறது. நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் பருமனுக்குள் நாற்பது சுற்றாவது அடங்கிவிடும். இவ்வளவு நுட்பமான தடத்தை ஆயிரம் ரூபாய்ப் பெட்டி எப்படிச் சரியாகப் படிக்கும் என்ற சந்தேகம் யாருக்கும் வரும். விலை உயர்ந்த பிளேயரில் கனமான உலோகத் தட்டும் கிரானைட் பலகையும் வைத்து விற்பது இந்தச் சந்தேகத்தை நம்பித்தான்.

உண்மையில் எந்த பிளேயரும் பிழையில்லாமல் படிப்பதில்லை. ஆனால் எண்களை எழுதும்போதே அவற்றைக் கலைத்துப் போட்டு, இடையிடையே சரிபார்ப்பு எண்களையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். தடத்தில் கிட்டத்தட்ட 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்து எல்லாம் அழிந்துபோனாலும், மீதியிருப்பதை வைத்து விடுபட்ட எண்களை ஒன்றுகூடப் பிசகாமல் மீட்டுவிட முடியும். குத்துமதிப்பாக நிரப்புவதல்ல, அப்படியே மீட்பது. அதற்கு மேல் சேதமானால்தான் பிளேயர் பக்கத்து எண்களைப் பார்த்து ஊகித்து ஒட்டுப்போடும். அதுவும் முடியாதபோது "டிக் டிக்" என்று மாட்டிக்கொள்ளும்.

வேகம் சீராக இல்லாவிட்டால்? கேசட்டில் பெல்ட் தளர்ந்தால் பாட்டே இழுபடும், ஏனென்றால் டேப் ஓடும் வேகம்தான் பாட்டின் வேகம். சிடியில் அப்படி இல்லை. வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார் விட்டுவிட்டு ஓடட்டும், வோல்டேஜ் ஏறி இறங்கட்டும். தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் சீராகத்தான் வரும். படித்த எண்கள் முதலில் ஒரு சின்ன நினைவகத் தொட்டியில் விழுகின்றன. அங்கிருந்து குவார்ட்ஸ் கடிகாரம் தாளம் போட, ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுகின்றன. டிஸ்க் உள்வட்டத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்திலும் வெளிவட்டத்தில் 200 சுற்று வேகத்திலும் ஓடுவது பாட்டுக்குத் தெரியவே தெரியாது.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே சோதிக்கலாம். கீறல் அதிகமில்லாத ஒரு சிடியை இரண்டு வெவ்வேறு கம்ப்யூட்டர் டிரைவ்களில் போட்டு, தரவுகளை நகலெடுக்கும் நல்ல மென்பொருளில் ஃபைலாக எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால், டிரைவுக்கு டிரைவ் தொடக்கம் கொஞ்சம் முன்பின் தள்ளியிருக்கலாமே தவிர, பாட்டின் எண்கள் ஒரு பிட்கூட மாறாமல் இருக்கும். டிவிடி பிளேயருக்கு இன்னொரு சாதகமும் உண்டு: டிவிடியின் தட இடைவெளி 0.74 மைக்ரான்தான். அந்த ஒற்றையடிப் பாதையில் ஓடப் பழகிய லென்ஸுக்கு சிடி என்பது நாலுவழிச் சாலை.

ஆக, முதல் வேலையில் மலிவு பிளேயர் ஏறக்குறைய சுத்தம். மிச்சம் இரண்டு.

விலைக்கும் உள்ளே இருப்பதற்கும்

எண்ணை மின்னழுத்தமாக்கும் சில்லுக்கு டாக் என்று பெயர். டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கருவி என்பதன் சுருக்கம். 1980களில் இது தங்கத்துக்குச் சமானம். பிலிப்ஸின் டிடிஏ1541 என்ற சில்லுக்காகவே பழைய பிளேயர்களைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு சில்லுகள் சல்லிசாகிவிட்டன. இன்று சில டாலரில் கிடைக்கும் டாக், சிடியின் 16 பிட் கணக்கு கேட்பதைவிட அதிகத் துல்லியமாக வேலை செய்யும். மலிவு பெட்டியில் கெடுவது பெரும்பாலும் டாக் அல்ல, அதைச் சுற்றியிருப்பவை. அழுக்கான மின்சாரம், ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போட்ட கெப்பாசிட்டர் (மின்தேக்கி), பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்கும் வீடியோ சர்க்யூட்.

இதைத் தொழிற்சாலைக்காரர்களே நிரூபித்திருக்கிறார்கள். 1990களில் மரான்ட்ஸ் நிறுவனத்தின் சிடி-63 என்பது நடுத்தர வீட்டுக்கான, அதிகம் விலையில்லாத பிளேயர். அங்கே பணியாற்றிய கென் இஷிவாதா அதே பெட்டியை எடுத்து, நல்ல டிரான்ஸ்ஃபார்மர், தேர்ந்தெடுத்த உதிரிகள், செம்பு முலாம் பூசிய கூடு என்று மாற்றி, தன் பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு சிறப்புப் பதிப்பாக வெளியிட்டார். படிக்கிற பாகம் அதேதான். மற்றதைச் சீர்செய்ததற்கே அது பேர் வாங்கியது. சோனியின் முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிக்கும் இப்படியொரு வாழ்வு கிடைத்தது. அதன் ஆரம்ப மாடல்களில் பின்பக்கம் ஆர்சிஏ ஜாக் (அந்தச் சிவப்பு வெள்ளை ஜாக் வகை) நேரடியாக இருந்ததால், குழந்தைகள் விளையாடி முடித்துத் தூக்கிப்போட்டதை ஆடியோ பைத்தியங்கள் சிடி பிளேயராக வைத்துக் கொண்டாடினார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. 2010-இல் லெக்ஸிகான் பிடி-30 என்ற, 3,500 டாலர் விலையுள்ள ப்ளூரே பிளேயரைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே 499 டாலர் ஒப்போ பிடிபி-83 அப்படியே உட்கார்ந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். மேல்கூடுதான் புதிது. பெட்டியின் எடையைப் பார்த்து விலை பேசக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காசில்லாமல் செய்யக்கூடியவை

ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் ரிமோட்டை எடுங்கள். மலிவு பிளேயர்கள் கெட்ட பெயர் வாங்குவதில் பாதி, செட்டப் மெனுவில் யாரோ என்றோ அமுக்கிவைத்த பட்டனால்தான். ஈக்வலைசரில் "ராக்" அல்லது "பாப்" என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். 3டி சரவுண்ட், ரிவெர்ப் எல்லாம் வேண்டாம். கரோக்கி மைக் ஜாக் உள்ள மாடலாக இருந்தால் மைக்கை "ஆஃப்" ஆக்குங்கள். மைக் பக்கத்துச் சர்க்யூட் சும்மா இருக்கும்போதும் "ஸ்ஸ்ஸ்" என்று மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். டைனமிக் ரேஞ்ச், நைட் மோட் போன்றவை சின்னச் சத்தத்தை உயர்த்திப் பெரிய சத்தத்தை அமுக்குபவை. ராத்திரி படம் பார்க்க அது சரி. தம்புராவுக்கும் தவிலுக்கும் இடையே இருக்கும் உயரமே அதில் காணாமல் போய்விடும்.

ஸ்பீக்கர் செட்டப்பில் முன் ஸ்பீக்கர் "ஸ்மால்" என்று இருந்தால் பாஸ் வெட்டுப்படும், "லார்ஜ்" ஆக்குங்கள். டவுன்மிக்ஸ் "ஸ்டீரியோ"வில் இருக்கட்டும். ரிமோட்டில் வால்யூம் பட்டன் உள்ள பிளேயராக இருந்தால் அதை மேலே வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறையுங்கள். பிளேயரில் குறைத்தால் அது பெரும்பாலும் எண்களைச் சுருக்கித்தான் குறைக்கிறது. ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் 16 பிட்டில் ஒரு பிட் கழிந்துபோகும். சில மாடல்களில் உச்சத்தில் வைத்தால் சத்தமான இடங்களில் கரகரக்கும். அப்போது ஒரு படி இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டிங் சென்டரில் 150 பாட்டு ஏற்றித் தந்த எம்பி3 டிஸ்க்கை வைத்துக்கொண்டு பிளேயரை மேம்படுத்தினால், அந்த எம்பி3-இன் குறைகள்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும். சோதனைக்கு ஒரிஜினல் சிடி ஒன்றாவது வேண்டும்.

ஒரே ஒரு செலவு என்றால்

உங்கள் பிளேயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "கோஆக்ஸியல்" என்று ஒற்றை ஆர்சிஏ ஜாக்கோ, "ஆப்டிக்கல்" என்று சின்னக் கதவு வைத்த சதுரத் துளையோ இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். டிஸ்க்கிலிருந்து படித்த எண்களைப் பிளேயர் மாற்றாமல் அப்படியே வெளியே தரும் வாசல் அது. வெளியில் தனியாக ஒரு டாக் வாங்கி அங்கே மாட்டினால், இரண்டாவது மூன்றாவது வேலைகளைப் பழைய பெட்டியிடமிருந்து பிடுங்கி, அதற்கென்றே செய்த கருவியிடம் கொடுத்துவிடுகிறோம். பழைய பெட்டிக்கு அது நன்றாகச் செய்யும் படிக்கிற வேலை மட்டும் மிஞ்சுகிறது. முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

டிவிக்கும் ஹோம் தியேட்டருக்கும் நடுவே மாட்ட, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு கன்வெர்ட்டர் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதுவும் ஒரு டாக்தான். ஆரம்பத்துக்கு அது போதும். அதோடு வரும் 5 வோல்ட் அடாப்டர் மட்டமானதாக இருந்தால் "ஸ்ஸ்" சத்தம் வரும். வீட்டிலிருக்கும் நல்ல செல்போன் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அதில் ருசி கண்டபின் சில ஆயிரத்தில், முறையாக 2 வோல்ட் வெளியீடு தரும் டாக் வாங்கலாம். 2 வோல்ட் என்பது சிடி பிளேயர்களின் வழக்கமான அளவு. அதைவிடக் குறைவாகத் தரும் டாக், ஒப்பிட்டுக் கேட்கும்போது மந்தமாகத் தோன்றும். உண்மையில் சத்தம்தான் குறைவு.

கேபிளுக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள். கோஆக்ஸியலுக்கு வேண்டியது 75 ஓம் வயர். பழைய ஏவி கேபிளில் வீடியோவுக்கான மஞ்சள் முனை வயர் பொதுவாக 75 ஓம்தான், அதையே போட்டுவிடலாம். கேபிள் டிவிக்காரர் விட்டுச்சென்ற ஆர்ஜி6 வயரும் 75 ஓம். ஒரு மீட்டர் வெட்டி இரண்டு பக்கமும் ஆர்சிஏ பின் போட்டால் ஆயிரக்கணக்கில் விற்கும் டிஜிட்டல் கேபிள் செய்கிற வேலையையே செய்யும். ஆப்டிக்கல் என்பது சிவப்பு ஒளியாக எண்களை அனுப்பும் முறை. இரண்டு பெட்டிக்கும் நடுவே மின்தொடர்பே இல்லாததால் "ம்ம்ம்" என்ற ஹம் தொல்லை உள்ள வீடுகளில் இது கைகொடுக்கும். புது ஆப்டிக்கல் கேபிளின் இரு நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் குத்திவிட்டு "டாக் வேலை செய்யவில்லை" என்று கடைக்கு ஓடியவர்களை நான் அறிவேன். ஒருவரை மிக நெருக்கமாக அறிவேன்.

மாட்டியபின் மெனுவில் எஸ்பிடிஐஎஃப் (அந்த டிஜிட்டல் வாசலின் பெயர்) என்ற இடத்தில் "ரா" என்றிருப்பதை "பிசிஎம்" (சுருக்காத எண்கள்) ஆக்கிவிடுங்கள். சிடிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் டால்பி உள்ள டிவிடியைப் போட்டால் "ரா" வழியில் சுருக்கப்பட்ட சங்கேதமே வெளியேறும். இரண்டு சேனல் டாக்குக்கு அது புரியாமல் இரைச்சலோ மௌனமோதான் வரும். ஹெச்டிஎம்ஐ மட்டும் உள்ள பிளேயரானால் ஆடியோவைப் பிரித்தெடுக்கும் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும்; சில பிளேயர்கள் அந்த வழியில் 44,100-ஐ 48,000 ஆக மாற்றி அனுப்புவதால் எனக்கு அது இரண்டாவது விருப்பம்தான்.

"ஜிட்டர்" என்ற பூச்சாண்டியையும் பார்த்துவிடலாம். எண்கள் சரியாக வந்தாலும் அவை வந்துசேரும் தாளம் நூலிழை தள்ளாடினால் ஒலி பிசகும் என்பது உண்மை. டிவிடி பிளேயரில் தாய்க் கடிகாரம் படத்துக்கான 27 மெகாஹெர்ட்ஸ். ஒலிக்கான தாளத்தை அதிலிருந்து கணக்குப் போட்டு வரவழைக்கிறார்கள், ஆகவே தள்ளாட்டம் கொஞ்சம் இருக்கவே செய்யும். ஆனால் இன்றைய டாக்குகள் வரும் தாளத்தைச் சீராக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகின்றன. பெட்டிக்குள் விலையுயர்ந்த கடிகாரம் வைத்துத் தருகிறோம் என்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் பச்சை மார்க்கர் பூசச் சொல்பவர்களுக்கு ரெண்டு கும்பிடு.

மூடியைத் திறந்தால்

டிஜிட்டல் வாசல் இல்லாத பிளேயர், அல்லது சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கை துறுதுறுக்கிறது என்றால் மூடியைத் திறக்கலாம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒரு மூலையில் இருக்கும் பவர் சப்ளை போர்டில் கட்டைவிரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். 230 வோல்ட் ஏசியை நேராக டிசி ஆக்குவதால் அதில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்றுநேரம் நிற்கலாம். மீட்டரை வைத்துப் பார்த்து, வோல்டேஜ் முழுக்க இறங்கியபின்தான் கை வைக்க வேண்டும். மின் வேலை பழகாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் சுழலும்போது லென்ஸை உற்றுப் பார்க்கவும் கூடாது.

முதன்முறை திறப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பெட்டியில் முக்கால்வாசி காலி. நடுவே டிஸ்க் தட்டு, ஒரு பக்கம் பவர் போர்டு, இன்னொரு பக்கம் உள்ளங்கை அளவு மெயின் போர்டு, எல்லாவற்றையும் கோக்கும் பட்டை வயர்கள். பவர் போர்டில் 5 வோல்ட், 12 வோல்ட் வரிசைகளில் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது தொந்தி போட்டிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பழைய பிளேயர்களில் டிஸ்ப்ளே மங்குவது, டிஸ்க்கை எடுக்காமல் அடம்பிடிப்பது, பாட்டுக்குப் பின்னால் ஹம் வருவது ஆகியவற்றில் பல இந்தத் தொந்தியால்தான். அதே மைக்ரோஃபேரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு), அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி என்று எழுதியது பார்த்து மாற்றுங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. மொத்தச் செலவு ஒரு சாப்பாட்டுக் காசு. 85 டிகிரி வகையை விட்டு 105 வகையைப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இந்தக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும். மூடிய பெட்டியும் நம்ம ஊர் மே மாதமும் சேர்ந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து ஒலி வெளியேறும் ஜாக்குகளுக்குப் பக்கத்தில், மூன்றாவது வேலையைச் செய்யும் எட்டுக்கால் ஐசி ஒன்று இருக்கும். பெரும்பாலும் 4558. ஆம்ப் அசெம்பிள் செய்பவர்கள் எல்லாருக்கும் பழக்கமான, பத்து ரூபாய்ச் சரக்கு. அதை ஒட்டி, வெளியேறும் வழியில் 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்கள் இரண்டு. டிசியை மறித்து ஒலியை மட்டும் விடுவது அவற்றின் வேலை. இவற்றில் எதை மாற்றினால் பலன்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரின் வாசலில் 10 கிலோ ஓம் இருந்தால், 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலியை வெட்டும். காது 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, ஆகவே பாதகமில்லை. ஆனால் பதினைந்து வருடம் வெந்து காய்ந்து, அதே கெப்பாசிட்டர் அரை மைக்ரோஃபேரட் ஆகிவிட்டால்? வெட்டு 32 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் "தொம்"மின் அடிவயிறு கரையத் தொடங்குவது இப்படித்தான். ஆகவே பழைய பிளேயரில் அந்த இரண்டு கெப்பாசிட்டர்களையும் மாற்றுவது நியாயமான வேலை.

4558-ஐ மாற்றுவது? எல்லாரும் முதலில் இதைத்தான் செய்வார்கள். என்இ5532, ஓபிஏ2134 இரண்டுக்கும் கால் அமைப்பு இதேதான்; பிடுங்கிவிட்டுச் சொருகலாம். 4558 மெதுவான ஐசி, அதனால் மேல்ஸ்தாயி மங்கும் என்பார்கள். 2 வோல்ட் அளவில் 20 கிலோஹெர்ட்ஸ் அலை வெளியேற, ஒரு மைக்ரோ நொடிக்கு 0.36 வோல்ட் நகர்ந்தால் போதும். 4558-ஆல் ஒரு மைக்ரோ நொடிக்கு 1 வோல்ட் நகர முடியும். மெதுவானதுதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும். 5532-இல் அடி இரைச்சல் குறைவு, அது உண்மையான லாபம். ஆனால் அது இழுக்கும் கரண்ட் இருமடங்குக்கும் மேல். மெலிந்த பவர் சப்ளை முனகக்கூடும். வேகமான ஐசியைப் போட்டு, அதன் பவர் கால்களுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபேரட் சிறு கெப்பாசிட்டர் போடாவிட்டால், அது காதுக்குக் கேட்காத ஸ்தாயியில் தானாக ஊளையிட்டு உள்ளதையும் கெடுக்கும்.

இதைவிட உருப்படியான வேலை, இந்த ஒலிப் பகுதிக்கு மட்டும் தனி மின்சாரம் கொடுப்பது. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 7812, 7912 ரெகுலேட்டர்கள் என்று அசெம்பிள் ஆம்ப்பின் டோன் போர்டுக்குச் செய்வதேதான். ஆனால் அந்த ஐசி ஒற்றை 12 வோல்ட்டில் ஓடுகிறதா, இரட்டை வோல்ட்டில் ஓடுகிறதா என்று அளந்து தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் புகைதான் மிஞ்சும். எர்த் வயரை ஒரே புள்ளியில் சேர்க்காவிட்டால் ஹம் போனஸாக வரும். இவ்வளவு உழைப்புக்கு, வெளி டாக் வாங்கிவிட்டுப் பாட்டுக் கேட்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

லென்ஸைப் பற்றி ஒரு வரி: பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைக்கலாம், பக்கத்திலிருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருகி "பவர் ஏற்ற" வேண்டாம், சில மாதங்களில் லென்ஸ் போய்விடும்.

என் காதை நான் சோதித்த கதை

சில வருடங்களுக்கு முன் என் பழைய பிளேயரில் 4558-க்குப் பதில் ஓபிஏ2134 போட்டேன். முதலில் வாங்கியது போலி. தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்ததும் மேலிருந்த எழுத்தே கையோடு வந்துவிட்டது. வேறு கடையில் திரும்ப வாங்கினேன். போட்டுக் கேட்டதும் வீணையின் மீட்டு அவிழ்ந்து விரிவது போலவும், பாடகரின் மூச்சு தெரிவது போலவும் இருந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். தம்பி மட்டும், "அண்ணா, மாத்தினதை நீ பார்த்துட்டுக் கேக்குற. பார்க்காம கேளு" என்றான்.

ஐசி மாற்றாத அதே மாடல் இன்னொன்று பரணில் இருந்தது. இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் சேர்த்து, ஒரே சிடியின் இரண்டு நகல்களைப் போட்டோம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் அதுதான் "நல்ல சவுண்ட்" என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும். அதனால் 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை சிடியில் ஏற்றி ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து இரண்டுக்கும் வோல்ட்டைச் சமமாக்கினோம். ஒரு சதவீத வித்தியாசம் என்றால் 0.1 டெசிபலுக்கும் கீழே, அது போதும். அப்புறம் நான் சுவரைப் பார்த்து உட்கார, தம்பி நாணயம் சுண்டி மாற்றி மாற்றிப் போட்டுத் தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டான். பன்னிரண்டு முறை. நான் சரியாகச் சொன்னது ஐந்து.

வீறாப்பில் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டேன். இந்த முறை பழைய பிளேயரின் சொந்த ஜாக் ஒரு பக்கம், அதே பிளேயரின் கோஆக்ஸியலில் மாட்டிய வெளி டாக் இன்னொரு பக்கம். அதில் பன்னிரண்டுக்குப் பதினொன்று. பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. பாட்டு முடிந்து தம்புரா தேய்ந்து அடங்கும் இடத்தில், சொந்த ஜாக்கின் பின்னால் மெல்லிய "ஸ்ஸ்" இருந்தது, டாக்கில் அது இல்லை. அந்த ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

ஓபிஏ2134-ஐக் கழற்றி ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்ததாக வாங்குவதாக இருந்த இன்னும் விலை கூடிய ஐசிக்கான காசில், ஆசாரியிடம் சொல்லி இரண்டு மர ஸ்டூல் செய்து, மூலையில் ஒட்டிக் கிடந்த ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் கொண்டுவந்து காது உயரத்தில் வைத்தேன். சமையலறையில் இருந்த அம்மா, "என்னடா, புதுசா ஏதாவது வாங்குனியா?" என்று கேட்டாள்.